திசை பிடிக்கும் தொப்பி: இதுவரை

சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து இடது காது போய்விட்டது. சத்தம் கேட்கும், எந்தப் பக்கமிருந்து என்பதுதான் தெரியாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பசாரில் யாராவது "அண்ணே!" என்றால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன்.

அதற்காகத்தான் இந்தத் தொப்பி. இரு பக்கமும் மைக், சட்டைப் பையில் ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சில்லு, இரண்டு மணிக்கட்டிலும் கைப்பேசியில் அதிருமே, அந்த மாதிரி குட்டி மோட்டார். எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தக் கை பலமாக அதிரும். மைக் வாங்குகிறவர்கள் மேக்ஸ்9814 போர்டைத் தவிர்த்துவிடுங்கள். அது சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிச் சமப்படுத்தும். நமக்கு வேண்டியதே அந்த ஏற்றத்தாழ்வுதான். மேக்ஸ்4466 போதும்.

இரு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்தும் திசை அறியலாம், ஆனால் இதற்கு அது உதவாது. அது 0.7 மில்லி விநாடிக்கு மேல் போகாது. மோட்டார் சுற்றத் தொடங்கவே அதைவிடப் பல மடங்கு நேரமாகும்.

சும்மா உட்கார்ந்திருந்தால் கை கூசும், அவ்வளவுதான். தலையைத் திருப்பவேண்டும். இரு கையும் சமமானால் சத்தம் நேர் முன்னால், இல்லை நேர் பின்னால். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினால் இடது கை வலுக்கிறதா, முன்னால். வலது கை வலுக்கிறதா, பின்னால். ஆரம்பத்தில் மனக்கணக்குப் போட்டேன், இப்போது கழுத்தே பார்த்துக்கொள்கிறது. 1969இல் பால் பாக்-ஈ-ரீட்டா என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், 400 அதிர்விகள் பதித்த நாற்காலி மூலம் கேமராப் படத்தைப் பார்வையற்றோரின் முதுகில் உணரவைத்தார். கேமராவை அவர்களே அசைத்தபோதுதான் பொருள் முதுகைவிட்டு எதிரே போய் நின்றது. எனக்கு அந்த 'எதிரே' எப்போதாவதுதான் வாய்க்கிறது.

கோயில் திடலில் அக்கா மகன் என் கண்ணைக் கட்டிவிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நடப்பான். "தலையை ஆட்டினா கள்ளாட்டம், மாமா" என்பது அவன் கட்சி. ஆட்டாவிட்டால் இந்தத் தொப்பிக்கு வேலையே இல்லையடா!

சாவி சுலபம். செம்பனைக் குலை லாரியின் சத்தமோ தொப்பிக்குப் பிடிபடவே பிடிபடாது. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் மூன்று மீட்டருக்கு மேல். என் தலை அதற்கு எந்த மூலைக்கு? இரு மைக்குக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்ந்துவிடும். ஆபத்து என்னவோ லாரியில்தான், அதனால் இதை நம்பிச் சாலையைக் கடப்பதில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் இரண்டு கையும் சேர்ந்து அலறும், கழற்றி வைக்கவேண்டியதுதான்.

அடுத்து, 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் வடிகட்டியைச் சேர்க்கப்போகிறேன். லாரியின் டயர் இரைச்சலாவது சிக்குகிறதா, பார்ப்போம்.