கணக்கு இரண்டு கிழமை, சாவி நான்கு மாதம்

செய்தியை உரியவர் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கத்தின் அடிப்படைக் கணிதம் விளங்க இரண்டு கிழமை போதுமாயிருந்தது. அதன் பிறகு நான்கு மாதம் சாவிகளோடு போனது. ஏ.இ.எஸ். என்ற மறைகுறியாக்கப் பூட்டை உடைத்து, மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாவில் யாருடைய இணையக் கணக்கையும் எவரும் எடுக்கவில்லை. கணக்குகள் போனது நேரம் பிழையாக ஓடிய போன் ஒன்றால், அண்ணன் பேரில் இருந்த சிம்மால், கடைக்காரர் திறந்து கொடுத்த மின்னஞ்சலால். அந்த இடங்களைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

சுலபமாகக் கடந்தது ஒரு பந்தியில்: ஒரே சாவியால் பூட்டித் திறப்பது ஒரு வகை. பூட்ட ஒன்று, திறக்க வேறொன்று என்பது மற்ற வகை. 1976இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட யோசனை அது. பாடங்கள், ஒவ்வொரு எழுத்தையும் சில இடம் தள்ளி எழுதும் சீசரின் எழுத்து மாற்றத்தில் தொடங்கும், அதில் ஒரு நாளுக்கு மேல் செலவழிக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தபால் உதாரணமே போதும். பூட்டிய பையில் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வருகிறது, அங்கே பை பிரிக்கப்பட்டு லயங்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையதள முகவரியின் முன்னால் வரும் எச்.டி.டி.பி.எஸ். அந்தப் பை: வழியில் யாரும் பார்க்க முடியாது, ஆபீசில் திறபடும். முனைக்கு முனை மறைகுறியாக்கம் என்றால் உறை ஒட்டியபடியே உரியவர் கைக்குப் போகிறது. உலாவியில் தெரியும் பூட்டுப் படம் பை பூட்டியிருப்பதை மட்டுமே சொல்லும். பை போய்ச் சேரும் ஆபீஸ் கள்ள ஆபீசா என்பதை அது சொல்லாது.

முதல் அடி தமிழிலேயே விழுந்தது. தமிழில் கடவுச்சொல் வைத்தால் வெளியாட்கள் ஊகிக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தில் ‘கொழுந்து’ என்று தொடங்கும் ஒன்றை வைத்தேன். போனில் திறந்தது, கணினியில் திறக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. காரணம் ‘கொ’. கணினிகள் எழுத்துகளை எண்களாக வைக்கும் யூனிகோட் முறையில் அதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறி சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உள்ளே முதலாவது முறையில் ‘கொழுந்து’ 24 பைட், இரண்டாவதில் 27 பைட். கடவுச்சொல் அப்படியே சேமிக்கப்படுவதில்லை, அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், திரும்ப மாற்ற முடியாத ஹேஷ் என்ற குறிதான் சேமிக்கப்படுகிறது. ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுதாக மாறிவிடும். சில தளங்கள் இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிட்டு ஹேஷ் எடுக்கும், சில அப்படிச் செய்யாது. ‘மௌ’ இன்னும் மோசம், ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைப் போட்டுவிடும் பழக்கம் நம் பலருக்கும் உண்டு. இன்னொன்றும் உண்டு: ஹேஷ் எடுக்கப் பல தளங்கள் பயன்படுத்தும் பீகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் வருவதைக் கணக்கில் எடுக்காது. ‘கொழுந்து’ என்று மூன்று தடவை எழுதினால் 72 முடிந்தது. அதன் பின்னால் நீங்கள் சேர்க்கும் எதுவும் காவல் இல்லை.

அதனால் சொற்களைத் தமிழில் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தேர்வதை மட்டும் மனதிடம் விடவேண்டாம், மனது எப்போதும் பிள்ளையின் பேருக்கும் கோயிலுக்கும்தான் போகும். ஒரு கொப்பியில் 216 சொற்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 111 முதல் 666 வரை, 1 முதல் 6 வரையான இலக்கங்கள் மட்டும் வரும் தாயக்கட்டை எண் கொடுங்கள்: கவ்வாத்து, குளவி, மூடுபனி, கங்காணி, எது வேண்டுமானாலும். மூன்று தாயக்கட்டை உருட்டினால் ஒரு சொல். எட்டுச் சொல் எடுத்தால் ஏறத்தாழ 62 பிட் பலம், அதாவது 2ஐ 62 தடவை பெருக்கிய அளவு சேர்க்கைகள். கொப்பி அடுத்த வீட்டாரிடம் இருந்தாலும் கவலையில்லை, உருட்டலில் விழுந்தது எது என்பதுதான் இரகசியம். பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்தாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்று டச்சு மொழியியலாளர் கெர்க்ஹோஃப்ஸ் 1883இலேயே எழுதினார். அடையாள அட்டை இலக்கத்தைக் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் உடனே மாற்றுங்கள். 12 இலக்க அட்டையில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். பேஸ்புக்கில் பிறந்த திகதியை ஆண்டோடு போட்டவரின் ஏழு இலக்கம் ஏற்கனவே வெளியில் இருக்கிறது.

அடுத்தது ஓடிபி. எங்கள் பக்கம் எஸ்.எம்.எஸ். வர மேட்டுக்கு ஏறவேண்டும், ஏறி இறங்குவதற்குள் இலக்கம் காலாவதி. அதற்குத் தீர்வு, இலக்கத்தைப் போனே உருவாக்கும் செயலி. கியூஆர் குறி வழியாக ஒரு இரகசியம் ஒரு தடவை போனுக்குள் போகும். பிறகு அந்த இரகசியத்தையும் நேரத்தையும் சேர்த்து 30 செக்கனுக்கு ஒரு புது ஆறிலக்க எண் பிறக்கும். சிக்னல் தேவையில்லை. ஆனால் ஒரு போனில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ‘பிழை’ என்றே வந்தது. செயலியை அழித்து இரண்டு தடவை புதிதாகப் போட்டும் அதேதான். போன் டுபாயிலிருந்து வந்தது. நேர வலயம் டுபாயிலேயே நின்றிருக்க, யாரோ கடிகாரத்தைக் கையால் ஒன்றரை மணித்தியாலம் முன்னே தள்ளி இலங்கை நேரம் காட்ட வைத்திருந்தார்கள். திரையில் நேரம் சரி. செயலி பார்ப்பதோ உலகப் பொதுநேரத்தை, அது 90 நிமிடம் முன்னால் ஓடியது. அதாவது 180 எண்கள் தள்ளி. நேரத்தையும் வலயத்தையும் ‘தானியங்கி’யில் போட்டதும் அடுத்த இலக்கமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வளைகுடாவிலிருந்து வந்த போன் எந்த வீட்டில் இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். செயலியை இயக்கும் அன்றே, போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் மாற்று இலக்கங்களையும் எடுங்கள். கூகிள் எட்டு இலக்கத்தில் பத்துத் தரும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்குத்தான்.

ஒரு முழு நாள் வீணானது சிம்மில். போன் ஆற்றில் விழுந்தது, அதே இலக்கத்துக்குப் புதுச் சிம் எடுக்க ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். வரிசையில் நின்று முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பிள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இது உங்கட பேரில இல்லயே. பேருக்குரியவர் நேரா வரணும்.” சிம் பதிவானது அண்ணனின் அட்டையில், அண்ணன் கொழும்பில். பத்து நாள் கழித்து அவர் லீவில் வந்தபோதுதான் வேலை முடிந்தது. எத்தனை இலக்கப் பூட்டு போட்டாலும், வட்ஸ்அப் கணக்கின் வேர் அந்தச் சிம்தான். தோட்டத்தில் பாதி சிம்கள் அப்பா, மாமா, அண்ணன் பேரில் கிடக்கின்றன. தொலையும் முன்பே பேர் மாற்றிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க இரகசிய எண் (PIN) வைக்கும்போது மின்னஞ்சலையும் கொடுங்கள். மின்னஞ்சல் இல்லாமல் அந்த எண்ணை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்.

புதுப் போனில் வட்ஸ்அப் ஏறியதும், பாதுகாப்பு அறிவித்தலை இயக்கி வைத்திருந்தவர்களுக்கு எங்கள் உரையாடலின் பாதுகாப்புக் குறியீடு மாறியதாகச் செய்தி போனது. அது நல்லது. அந்தக் குறியீடு ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு கூட்டம், மொத்தம் 60 இலக்கம். அவசரமாகக் காசு கேட்டுச் செய்தி வரும் நாளில் குறியீடும் மாறியிருந்தால், அழைப்பெடுத்துக் குரலைக் கேட்டுவிட்டு, இரண்டு கூட்டத்தையாவது வாசிக்கச் சொல்லி உங்கள் திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

மடிகணினியில் பட்ட அடிதான் இன்னும் ஆறவில்லை. டவுன் கடையொன்றில் பழுது பார்க்கக் கொடுத்தது திரும்பி வந்தபோது நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. கேட்டது பிட்லொக்கர், கணினியில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் மறைகுறியாக்கம். கடைக்காரர்கள் பயோஸ் என்ற தொடக்க மென்பொருளைப் புதுப்பித்திருந்தார்கள். சாவியைக் காக்கும் சில்லு, அந்த மென்பொருள் மாறியதைக் கண்டால் சாவியை விடாது. அது அதன் கடமை. மீட்புச் சாவி மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும் என்று தேடினேன், என் கணக்கில் இல்லை. கணினியை விற்ற கடை தன் மின்னஞ்சலால் கணக்குத் திறந்து கொடுத்திருந்தது, அந்தக் கடவுச்சொல் அவர்களுக்கே ஞாபகமில்லை. இரண்டு வருடப் படங்களும் பாடக் குறிப்புகளும் போயின. புதுக் கணினி வாங்கினால் அன்றே உங்கள் கணக்குக்கு மாற்றி, 48 இலக்கத்தையும் எழுதி எடுங்கள். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். ஒவ்வொரு கூட்டமும் 11ஆல் மீதியின்றி வகுபடவேண்டும், வகுபடாவிட்டால் எழுதியது பிழை. பழுதுக்குக் கொடுக்கும் முன் பிட்லொக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

சாவியைப் போனில் படமெடுத்து வைப்பதில் பயனில்லை, போனோடு அதுவும் போகும். கடதாசிதான், ஆனால் நம் ஈரத்துக்கு ஏற்ற கடதாசி. ஜெல் பேனை ஒரு மழைக்காலத்தில் ஊறிவிட்டது. பில் அச்சடிக்கும் சூட்டுக் கடதாசி வெளிறிவிடும். பென்சில் நின்றது, லேசர் அச்சும் நின்றது. இரண்டு பிரதி, இரண்டு வீட்டில், அரிசி டின் மூடியின் உட்பக்கம் ஒட்டியோ நெகிழி உறையிலோ. வட்ஸ்அப் காப்புப்பிரதிக்கு 64 இடச் சாவி எடுப்பவர்கள் நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள். அதில் எண்களும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான சின்ன ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வரும். சாவி திரையில் இருக்கும்போதே ஒருவர் வாசிக்க மற்றவர் கடதாசியில் புள்ளி வைத்துக்கொண்டு போகவேண்டும். நாங்கள் அப்படிப் பார்த்தபோது ஒன்பதாவது கூட்டத்தில் சின்ன ‘பி’ எழுத்து 6 ஆகியிருந்தது. பென்சிலால் எழுதியிருந்ததால் அங்கேயே அழித்துத் திருத்தினோம்.