சாகப் போகும் ஹார்ட் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டாதீர்கள்

லேப்டாப்பைத் திறந்து டெஸ்க்டாப் வரவே ஐந்து நிமிஷம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று நிற்கும், ஆனால் படிக்கும் வேகம் நொடிக்கு 0 கேபி. இரண்டும் சேர்ந்து வந்தால், வைரஸ் என்று முடிவுகட்டி ஃபார்மேட்டில் இறங்காமல் முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் ஸ்மார்ட் பட்டியலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலைப் பாருங்கள். கவனிக்க வேண்டியது நாலே வரி: 05, சி5, சி6, சி7. கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்) 05-இல் வரும். படிக்க முடியாமல் நிலுவையில் கிடப்பவை சி5, நான் முதலில் பார்ப்பது இதைத்தான். சோதனையில் படிக்கவே முடியாதவை சி6. மூல மதிப்பு வழக்கமாக ஹெக்ஸில், அதாவது பதினாறின் அடிப்படையிலான எண்ணில் இருக்கும், 10 என்றால் 16 என்று படிக்க வேண்டும். சி7 என்பது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தரவு போய்வரும்போது விழும் பிழை. அது மட்டும் ஏறி மற்றவை பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் கேபிள் தகராறு. லேப்டாப்புக்குள் இருக்கும் பட்டையான கேபிளை மாற்றினாலே போதும், புது டிஸ்க் செலவு மிச்சம்.

சி5 ஏறிக்கொண்டே போகிறதென்றால் அந்த டிஸ்க் இன்னும் எவ்வளவு நேரம் படிக்க விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் நேரத்தை நகல் எடுக்க மட்டுமே செலவழிக்க வேண்டும். பலரும் செய்வது நேர்மாறு: டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க்கை 'ஸ்லாஷ் ஆர்' போட்டு ஓட்டுவார்கள். அது காலி இடம் உட்பட எல்லா செக்டரையும் வருடிப் பார்க்கும், கெட்ட இடத்தில் திரும்பத் திரும்ப முட்டும், போதாக்குறைக்கு ஃபைல் அட்டவணையிலும் கை வைக்கும். அட்டவணையே கெட்ட செக்டரில் இருந்தால், ஒழுங்காக இருந்த ஃபோல்டர்கள்கூட பெயரிழந்து துண்டுகளாகிவிடும். சிதறிய ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும் டீஃப்ராக் அதைவிட மோசம்.

'டக் டக்' என்று தாளம் போடும் டிஸ்க் என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஹெட் பழுது. ஓடும் ஒவ்வொரு நிமிஷமும் தட்டில் கீறல் விழலாம். அதைச் சுத்த அறை வைத்திருக்கும் ரெக்கவரி லேபில்தான் திறக்க வேண்டும். ஃப்ரீசரில் வைக்கும் வைத்தியம் வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

புது டிஸ்க் வாங்கும்போது அளவு முக்கியம். 500 ஜிபி டிஸ்க்கில் பொதுவாக 976,773,168 செக்டர்கள். 480 ஜிபி எஸ்எஸ்டியில் அது அடங்காது, பாதி காலியாக இருந்தாலும் செக்டருக்கு செக்டர் நகல் அதில் ஏறாது. 512 ஜிபியோ 1 டிபியோ வாங்குங்கள். பழைய லேப்டாப்பின் இடம் 9.5 மி.மீ. உயரத்துக்குச் செய்ததாக இருந்தால் 7 மி.மீ. எஸ்எஸ்டி ஆடும், ஒட்டும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று வேண்டும். இதோடு ஒரு யூஎஸ்பி-சாட்டா அடாப்டர், இரண்டு பென் டிரைவ். 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பியின் 5 வோல்ட் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாகத் தர வேண்டும்.

அடாப்டரில் எதைப் பூட்டுவது? புதியதை. நோயாளியான பழைய டிஸ்க் லேப்டாப்புக்கு உள்ளேயே இருக்கட்டும். கெட்ட செக்டரில் டிஸ்க் திணறும்போது யூஎஸ்பி சிப் பொறுமையிழந்து இணைப்பையே துண்டித்துவிடும்.

விண்டோஸ் இன்னும் திறக்கிறதென்றால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க் மாற்றிய பிறகு அது கேட்கலாம். அதற்குமேல் விண்டோஸுக்குள் இருக்க வேண்டாம். விண்டோஸில் ஓடும் குளோனிங் சாஃப்ட்வேர்கள் நல்ல டிஸ்க்குக்கு நல்லவைதான். பல சாஃப்ட்வேர்கள் படிக்க முடியாத செக்டரில் பிழை காட்டி நின்றுவிடும்.

வேண்டியது குனூ டிடிரெஸ்க்யூ, கெட்ட டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கவென்றே எழுதிய இலவசக் கருவி. ஒரு பென் டிரைவில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை ஏற்றி அதிலிருந்து பூட் செய்தால் டிடிரெஸ்க்யூ உள்ளேயே இருக்கும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மாடலையும் சீரியல் எண்ணையும் வரவழைத்து, டிஸ்க் லேபிளோடு ஒப்பிட்டு, எது பழையது எது புதியது என்று எழுதி வையுங்கள். இடம் மாற்றி அடித்தால் காலி டிஸ்க் பழையதின் மேல் பதிவாகும், அதற்குப் பிறகு மீட்க ஒன்றுமில்லை. கூடவே எஃப்டிஸ்க் என்ற கட்டளை தரும் பட்டியலில் புது டிஸ்க்கின் செக்டர் அளவு 512 என்று வருகிறதா பாருங்கள். சில அடாப்டர்கள் 4096 என்று காட்டும். அப்படி எழுதிய நகலை உள்ளே பூட்டினால் பார்ட்டிஷனே தெரியாது.

டிடிரெஸ்க்யூ கட்டளைக்கு முதல் சுற்றில் சின்ன 'எஃப்', சின்ன 'என்' ஆப்ஷன்கள். பிறகு மூலம், இலக்கு, மேப்ஃபைல் என்ற வரிசை. எஃப் இல்லாவிட்டால் டிஸ்க்கின் மேல் எழுத மறுக்கும். 'என்' போட்டால் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டி, நல்ல பகுதியை முதலில் அள்ளிவிடும். எவ்வளவு படித்தாயிற்று என்ற கணக்கு மேப்ஃபைலில் இருக்கும். அதை இரண்டாவது பென் டிரைவில் வையுங்கள். ராமில் வைத்தால் கரண்ட் போனதும் கணக்கும் போய்விடும். இரண்டாம் சுற்றில் 'என்' ஆப்ஷனை எடுத்துவிட்டு, டிஸ்க்கை நேரடியாகப் படிக்கச் சொல்லும் சின்ன 'டி'யும், மூன்று தடவை மறுபடி முயலச் சொல்லும் சின்ன 'ஆர் 3'-ம் சேர்த்து அதே மேப்ஃபைலோடு ஓட்டுங்கள். டிஸ்க் உறைந்துபோனால் அணைத்து, சூடு ஆறவிட்டு, மறுபடி அதே கட்டளை. விட்ட இடத்திலிருந்து தொடரும். பெரிய 'ஆர்' போட்டால் பின்னாலிருந்து படிக்கும், முன்னால் சிக்கும் டிஸ்க்குகளில் இது சில சமயம் கைகொடுக்கும்.

நொடிக்கு 80 எம்பி வேகத்தில் 500 ஜிபிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகினால் நாலு மணி நேரம். இது நல்ல பகுதியின் கணக்கு. கடைசிச் சில எம்பி ராத்திரி முழுக்க இழுக்கலாம். மிச்சம் சில நூறு கேபிதான், மணிக்கணக்கில் எண் அசையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

எந்த ஃபைல் பழுது என்று அறிய அழகான வழி ஒன்று உண்டு. டிடிரெஸ்க்யூவின் ஃபில் மோட், படிக்காத செக்டர்களில் மட்டும் நீங்கள் தரும் ஒரு சொல்லை நிரப்பும். பிறகு நகலை மவுண்ட் செய்து (ஃபோல்டராகத் திறந்து) அந்தச் சொல்லை க்ரெப் என்ற தேடும் கட்டளையில் தேடினால், சிக்கும் ஃபைல்களெல்லாம் ஓட்டை விழுந்தவை. சொல்லை நிரப்புவது புது டிஸ்க்கில், பழையதில் அல்ல.

இனி ஸ்க்ரூ டிரைவர். அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். பழைய டிஸ்க்கின் உலோகச் சட்டத்தைப் புதியதற்கு மாற்றுங்கள். பழையதையும் செருகி வைத்துக்கொண்டு விண்டோஸைத் திறக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும்.

செக்டிஸ்க் ஓட்ட வேண்டியது இப்போதுதான், 'ஸ்லாஷ் எஃப்' போட்டு, புது டிஸ்க்கில். பிறகு விண்டோஸின் சொந்த ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். கூடுதல் இடத்தை சி டிரைவோடு சேர்க்கப் போனால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கிக் கிடக்கலாம். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். சிஸ்டம்ரெஸ்க்யூவில் இருக்கும் ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியில் அதைக் கடைசிக்கு நகர்த்துங்கள். திறந்ததும் ஜிபிடியை (பார்ட்டிஷன் அட்டவணையை) சரிசெய்யட்டுமா என்று அது கேட்டால் சரி சொல்லலாம், பழைய அளவின்படி எழுதிய பேக்கப் அட்டவணையை டிஸ்க்கின் கடைசிக்கு மாற்றத்தான் கேட்கிறது.

பழைய டிஸ்க்கை ஒரு மாதம் வைத்திருந்து, எல்லா ஃபைலும் திறக்கிறது என்று தெரிந்த பிறகு உடையுங்கள். கெட்ட செக்டர் உள்ளதை முழுக்க அழித்து எழுத முடியாது, அப்படியே பழைய இரும்புக் கடைக்கும் போட வேண்டாம். லேப்டாப் டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. சுத்தியலை எடுக்கும் முன் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள்.