முதல் புரோகிராமிங் பாடம்: கோடு (code) எழுதும் முன்னால் உதாரணம்

புரோகிராமிங் பாடத்தை முதல் தடவை எடுக்கப்போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்த மொழி நல்லது, பைதானா, சி-யா, ஜாவாவா என்பதுதான். என்னைக் கேட்டால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, கோர்ஸில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அதைப் படியுங்கள். அந்தப் பாடத்தில் கற்றுக்கொண்டு இன்னும் நான் விடாமல் வைத்திருப்பது ஒரு பழக்கம்: ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பித் தரும் கோடுத் துண்டு) எழுத உட்காரும் முன்னாலேயே, எதைக் கொடுத்தால் எது திரும்பி வரவேண்டும் என்று நாலைந்து உதாரணங்களைக் கையால் எழுதி வைப்பது.

எல்லா கோர்ஸிலும் வரும் லீப் வருடக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியைப் படித்ததும் நாலால் வகுபட்டால் லீப் என்று கை தானாக டைப் செய்யப் போகும். அதற்கு முன் எழுதுங்கள்: 2024 ஆம், 2023 இல்லை, 1900 இல்லை, 2000 ஆம். 1900-க்கு எதிரே 'இல்லை' என்று எழுதும்போதே 100 விதி (100-ஆல் வகுபட்டால் லீப் இல்லை) வந்துவிடுகிறது, 2000-க்கு எழுதும்போது 400 விதி (ஆனால் 400-ஆல் வகுபட்டால் லீப்தான்), அப்புறம் கோடில் எழுத என்ன மிச்சம்? இதே நாலு வரியை பைதானில் அசெர்ட் (assert, சொன்னது உண்மையில்லை என்றால் எரர் காட்டும்) வரிகளாக ஃபங்ஷனுக்குக் கீழே போட்டுவிட்டால், பின்னால் எதையாவது மாற்றி உடைத்தாலும் ரன் செய்த உடனே தெரிந்துவிடும். (எக்செல் இன்னமும் 1900-ஐ லீப் வருடமாகத்தான் எண்ணுகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளுடன் ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே அப்படி வைத்தார்கள். நம் அசைன்மென்டுக்கு அந்தச் சாக்கு செல்லாது.)

எந்த உதாரணத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 3, 7, 5-ல் பெரியது 7 என்று ஒரு டெஸ்ட் போட்டால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் 'பெரியது' என்ற வேரியபிளை (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயரை) 0-வில் ஆரம்பித்த தவறான கோடும் அதில் பாஸ் ஆகிவிடும். எல்லாமே நெகடிவாக -5, -2, -9 கொடுங்கள், 0 என்று பதில் வந்து குட்டு உடைந்துவிடும். காலி லிஸ்ட், ஒரே ஒரு எண் உள்ள லிஸ்ட், எல்லாம் ஒரே எண் என்று இந்த மூன்றையும் எப்போதும் சேருங்கள். சராசரி கேட்டிருந்தால் காலி லிஸ்டில் பூஜ்யத்தால் வகுக்கும் எரர் வரும், அப்போது என்ன செய்யவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். தசம எண்களாக இருந்தால் சமமா என்று நேராக ஒப்பிடாதீர்கள். பைதானில் 0.1 + 0.2 போட்டால் 0.30000000000000004 என்று வரும், அதனால் வித்தியாசம் மிகச் சிறியதா என்று மட்டும் பாருங்கள்.

உதாரணம் எழுதவே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம், அந்த ஃபங்ஷன் உள்ளேயே எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்குப் போட்டு, திரையிலும் அச்சிடுகிறது என்பதுதான். கணக்கை மட்டும் தனி ஃபங்ஷனாகப் பிரித்து விடையைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். வாங்குவதும் காட்டுவதும் வெளியே இருக்கட்டும்.

வேரியபிளுக்கு ஒழுங்கான பெயர், சீரான இன்டென்டேஷன் (வரியின் முன்னால் விடும் இடைவெளி) எல்லாம் ஒரே வாரத்தில் பழகிவிடும், அதற்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்தாறு வரிக்கு ஒரு தடவை ரன் செய்யுங்கள். எரர் வந்தால் பைதானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். சி-யில் தலைகீழ், கம்பைலர் (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) முப்பது எரர் காட்டினாலும் முதலாவதை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்பக் கம்பைல் செய்யுங்கள், மற்றதில் பாதி அதனால் வந்ததாகத்தான் இருக்கும். வார்னிங்கையும் படிக்காமல் விடாதீர்கள். காரணம் தெரியாமல் < என்பதை <= என்று மாற்றி, ரன் செய்து, சரியாக வந்ததும் அப்படியே சப்மிட் செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம், அடுத்த கேள்வியில் அதே இடத்தில் மறுபடி நிற்பீர்கள். ஏஐ-யிடம் கேட்க கோர்ஸில் அனுமதி இருந்தாலும் உதாரணங்களை மட்டும் நீங்களே எழுதுங்கள், அது கொடுத்த கோடு சரியா என்று பார்க்க வேறு வழி ஏது?

தேர்வு பேப்பரில் என்றால் கம்பைலர் கிடையாது. ஒரு ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டு, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் வேரியபிள்களின் மதிப்பை எழுதிக்கொண்டே போங்கள். மூன்று எண் உள்ள லிஸ்டும் காலி லிஸ்டும் போதும். இன்டெக்ஸ் (லிஸ்டில் இட எண்) 0-வில் ஆரம்பிப்பதால் மூன்று எண்ணுக்கு 2-தான் கடைசி; கடைசிச் சுற்றில் இன்டெக்ஸ் 3-ஐத் தொட்டுவிட்டால் உங்கள் லூப் ஒரு தடவை கூடுதலாக ஓடுகிறது, பேப்பரைக் கொடுக்கும் முன் அந்த நிபந்தனையைத் திருத்திவிடுங்கள்.