டோர் நைன்

கனடாவில் முதல் குளிர்காலம் முழுக்க எனக்குப் பெயர் கிடையாது. டொரோண்டோவை அடுத்த பிக்கரிங் பக்கம் ஒரு கிடங்கில், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் கிடைத்த இரவு ஷிப்ட். ஒன்பதாம் எண் கதவில் லாரிக்குச் சரக்கு ஏற்றுவேன். அதனால் சூப்பர்வைசருக்கு நான் 'டோர் நைன்'. ஸ்கேனர் மக்கர் பண்ணினால் நான் முட்டாள், லாரி தாமதமாக வந்தாலும் நான்தான் சோம்பேறி. என் ஆங்கிலத்தை அப்படியே இழுத்துப் பேசிக்காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அந்தச் சிரிப்புதான் நான் செய்த தப்பு. சங்கடம் வந்தாலும் சிரிப்போம், கோபத்தை விழுங்கும்போதும் சிரிப்போம், அது நம் பழக்கம். அவருக்கோ 'இவனுக்கும் இது பிடித்திருக்கிறது' என்று தோன்றியிருக்கும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பதினோரு வருடம் டிஸ்பேட்ச் பார்த்தவன் நான். லோடு ஏற்றும் பையன்களை 'டேய்' என்றுதான் கூப்பிடுவேன், அவசரத்தில் வாய் அதற்கு மேலும் போகும். அதனால் முதல் மாதம் இந்தத் திட்டு பெரிதாகச் சுடவில்லை. வேலை நடக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள், அப்போதுதான் சேர்ந்திருந்த சின்னப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டிருக்க, சூப்பர்வைசர் சரக்குத் தாள்களை என் முகத்தில் விசிறி அடித்தார். தாள்களைக் குனிந்து பொறுக்கும்போது கோயம்புத்தூர்ப் பையன்களின் முகம் வரிசையாக வந்துபோனது.

ஸ்கார்பரோவிலிருந்து என்னைத் தன் காரில் கூட்டிப்போய் வந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே பேக்கிங் பிரிவில் பழைய ஆள். அன்று திரும்பும் வழியில் சொன்னார்: "தம்பி, இனிச் சிரிக்காதையும். என்னோட இப்பிடிக் கதைக்க வேண்டாம் எண்டு மெதுவாச் சொல்லும். பிறகு நாள், நேரம் போட்டு எழுதி வையும். ஆர் ஆர் பக்கத்தில நிண்டவை எண்டதையும் போடும்."

மறுநாள் சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவ் பக்கத்துச் சுவரைக் காட்டினார். மூன்று மாதமாகச் சோறு சுடவைத்துக்கொண்டே பார்க்காமல் விட்ட காகிதம். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் 2010 முதல் இது சட்டம்: ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொல்லை பற்றிய விதிகளை முதலாளி எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். 2016-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புகார் வந்தால் விசாரித்து, முடிவை இரண்டு தரப்புக்கும் எழுத்தில் தரவும் வேண்டும். ஏஜென்சி ஆட்களுக்கும் இது உண்டு. (மற்ற மாகாணங்களில் சட்டம் வேறு.)

சட்டைப்பை நோட்டில் மூன்று வாரத்தில் பதினான்கு குறிப்புகள் சேர்ந்தன. அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு ஐந்தை அடித்தார். "கெதியாச் செய் எண்டு சொன்னது வேலை. தம்பின்ர வேலையில பிழை பிடிச்சதும் வேலை. அதுகளை வெட்டும்." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. வேலை வாங்குவதைத் தொல்லை என்று சட்டமும் சொல்வதில்லை. மிச்சம் ஒன்பது.

கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்பினேன். அனுப்பு பொத்தானை அழுத்த நான்கு நாள் ஆனது. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் 'நாளை வரவேண்டாம்' என்று ஏஜென்சி ஒரு வரி அனுப்பிவிட்டால், ஒன்றாம் தேதி வாடகைக்கு என்ன செய்வது? தொழிலாளர் அமைச்சுக்கும் போன் பண்ண நினைத்தேன். அங்கிருந்து வருபவர்கள் கம்பெனி முறைப்படி விசாரித்ததா என்றுதான் பார்ப்பார்கள், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள் என்று அக்கா சொன்னதும் விட்டுவிட்டேன்.

கம்பெனி சார்பில் விசாரித்த பெண்மணி நாற்பது நிமிடம் கேட்டார். என் ஆங்கிலம் தடுமாறிய இடத்திலெல்லாம் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். சாட்சி என்று நான் பெயர் கொடுத்த இருவரில் ஒருவர் எதையும் பார்க்கவில்லை என்றாராம். அவருக்கும் வாடகை இருக்கும். அந்தச் சின்னப் பையன் மட்டும் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறான்.

ஒரு மாதம் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்தச் சூப்பர்வைசரைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். மன்னிப்பெல்லாம் இல்லை. வாசலில் எதிர்ப்பட்டால் இருவரும் செல்போனைப் பார்ப்போம்.

புது சூப்பர்வைசர் நேர்மாறு. முதல் நாளே என் முழுப்பெயரை இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொண்டார். அன்று இரவு புன்னகையோடு வந்து, "உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது, நாலாம் கதவைக் காலி பண்ண முடியுமா?" என்றார். எவ்வளவு மரியாதை என்று மகிழ்ந்துபோய், நிதானமாக டீயைக் குடித்து முடித்தேன். பத்து நிமிடத்தில் அதே புன்னகையோடு திரும்பி வந்து நின்றார்.

காரில் அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. "அது இப்பவே செய் எண்ட அர்த்தம், தம்பி."