திருவொற்றியூர் மொட்டை மாடியில் சிம்ம மூவர்

மார்ச் 5, 2024

சிம்ம ராசியில் உள்ள மூன்று கேலக்ஸிகளை, அதாவது விண்மீன் மண்டலங்களை, வீட்டு மொட்டை மாடியிலிருந்தே படம் பிடிக்கப் பார்க்கிறேன். மேற்கே மணலி ஆலைகள், தெற்கே துறைமுக விளக்குகள், வடக்கே எண்ணூர்ப் புகை. தொடுவானம் பக்கம் கேமராவைத் திருப்பினால் படம் முழுக்க ஆரஞ்சு. ஃபில்டர் போட்டால் சரியாகாதா என்று கேட்கிறார்கள். நெபுலாக்களில், அதாவது விண்வெளி வாயு மேகங்களில், பல குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்வதால் அவற்றுக்கு உதவும். கேலக்ஸியின் வெளிச்சமோ கோடானுகோடி நட்சத்திரங்களுடையது, எல்லா நிறமும் கலந்தது. ஊர் வெளிச்சத்தோடு அதையும் ஃபில்டர் தின்றுவிடும்.

நமக்கு மிச்சம் உச்சிவானம்தான். 30 பாகை உயரத்தில் பார்த்தால் உச்சியைவிட இரண்டு மடங்கு காற்றைத் தாண்டி ஒளி வரவேண்டும். ஆனால் ஒரு கொடுப்பினை இருக்கிறது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில். சிம்மத்தில் நான் தேடும் எம்65, எம்66, என்ஜிசி 3628 ஆகிய மூன்று கேலக்ஸிகளும் வான நடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட அதே 13 பாகையில். நம் தலைக்கு நேர் மேலேதான் கடக்கின்றன. லண்டன்காரருக்கு இது வாய்க்காது.

மார்ச் 8, சிவராத்திரி

அம்மாவும் சித்தியும் தியாகராஜர் கோயிலுக்குப் போய்விட்டார்கள். நிலா விடியும் நேரத்தில்தான் வரும். வானம் சுழல்வதற்கு ஏற்ப டெலஸ்கோப்பும் திரும்ப, அதன் தாங்கியின் அச்சை வடதுருவத்துக்கு நேராக வைக்கவேண்டும். ஆனால் துருவ நட்சத்திரம் இங்கே 13 பாகை உயரம்தான், புகையில் தெரிவதே இல்லை. எடுத்த படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்து மென்பொருளே துருவத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கடற்காற்றின் ஈரம் லென்ஸில் படியாமல் சூடேற்றும் பட்டையைச் சுற்றினேன்.

பன்னிரண்டு இருபது வாக்கில் 80 மி.மீ. டெலஸ்கோப் செங்குத்தாக நின்றது. கேமராவின் ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு 30 நொடி. லேப்டாப்பில் முதல் படத்தைப் பெரிதாக்கினேன். சாம்பல் நிறப் பின்னணியில் ஓர் அழுக்குத் திட்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

"இன்னாண்ணா, ஸ்கிரீன்ல கறையா?" என்றான் கீழ்வீட்டுப் பையன்.

எம்66. கிளம்பி ஏறத்தாழ 3.5 கோடி வருஷம் ஆன ஒளி என்று சொன்னேன். அப்புறம் அவன் கீழே இறங்கவே இல்லை.

மார்ச் 10, அமாவாசை

எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூடி போட்டு எடுத்த கறுப்புப் படங்களைக் கழித்தேன். எம்66இன் சுருள் கை வளைவது தெரிகிறது! பக்கவாட்டில் திரும்பியிருக்கும் என்ஜிசி 3628இன் குறுக்கே தூசிப்பட்டையும் வந்திருக்கிறது. எம் எண்களைத் தந்த பிரெஞ்சு வானியலாளர் மெஸ்யேயின் பட்டியலில் இடம்பெறாத இதை 1784இல் வில்லியம் ஹெர்ஷெல் கண்டார். அதற்கு 3 லட்சம் ஒளியாண்டு நீளத்தில் ஒரு வால் உண்டு. அது என் படத்தில் இல்லை. படங்கள் நான்கு மடங்கானால்தான் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான குறை, பாதியாகும். ஏப்ரல் 8 அமாவாசையன்று பத்தரைக்கெல்லாம் மூன்றும் உச்சிக்கு வந்துவிடும். அன்றும் இதே இலக்குதான், பையனும் வருகிறான்.