திண்டுக்கல் பூட்டுக்கு ஒரு பட்டை ஸ்பிரிங்: நான்காவதுதான் நின்றது

அப்பத்தாவின் மரப்பெட்டியில் தொங்கும் திண்டுக்கல் பூட்டு இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. சாவி சுற்றுகிறது, ஒரு லீவர் (சாவி தூக்கிவிடும் உள்தகடு) மட்டும் விழுந்தே கிடக்கிறது. ரிவெட்டைத் துளைபோட்டுக் கழற்றிப் பார்த்தேன். அந்த லீவரைத் தள்ளிப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங் அடியோடு முறிந்திருந்தது. புதுப் பூட்டு வாங்க மனசு வரவில்லை. ஸ்பிரிங்கைச் செய்தே போடுவது என்று இறங்கினேன்.

காயலான் கடையில் பழைய சுவர்க்கடிகாரத்தின் மெயின் ஸ்பிரிங் கிடைத்தது. ஹை கார்பன் ஸ்டீல், கனம் 0.45 மி.மீ. அப்படியே வெட்டினால் உடையும், வளைத்தால் திமிறும். அதனால் முதலில் இளக்க வேண்டும். இவ்வளவு மெல்லிய பட்டையைத் தனியாகச் சாம்பலில் போட்டால் சட்டென்று ஆறி, பாதி இறுகிவிடும். இரண்டு கனத்த இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சேர்த்தே சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, மறுநாள் காலையில்தான் எடுத்தேன். தகரம் போல வெட்டுப்பட்டது.

முதல் துண்டுக்குத் தண்ணீரில் தோய்ச்சல் போட்டேன், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று அமிழ்த்தி இறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், இரண்டு துண்டு. கார்பன் 0.8 சதவீதத்தை ஒட்டி இருக்கும் எஃகு, இந்தக் கனத்தில், எண்ணெயிலேயே நன்றாக இறுகிவிடும். தண்ணீரின் வேகம் அதற்கு அதிகம். அதன்பிறகு இளஞ்சூடான கடலை எண்ணெய்க்கு மாறினேன். எவ்வளவு காய்ச்சுவது என்பதற்குக் காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் காந்தம் பிடிப்பதை விட்டுவிடும், அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் சிவக்கவிட்டு இறக்க வேண்டும். வெயிலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. விளக்கு வைக்கும் நேரத்தில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் செய்தேன்.

எண்ணெயிலிருந்து எடுத்த இரண்டாவது துண்டின் மேல் அரம் கண்ணாடியில் போல வழுக்கியது. அந்தக் கடினம் போய்விடக் கூடாதே என்று, இளம் வைக்கோல் நிறம் வந்ததுமே டெம்பரை (நொறுங்காமலிருக்க மறுபடி மிதமாகச் சூடேற்றுவதை) நிறுத்தினேன். அது சுமார் 220 டிகிரி. பூட்டில் போட்டு நான்காவது தடவை சாவியைத் திருப்பும்போது முறிந்தது. முறிந்த இடத்தில் நானே அரத்தால் குறுக்கே இழுத்த ஒரு கீறல். ஸ்பிரிங்கில் குறுக்குக் கீறல் என்றால் விரிசலுக்கு நாமே வாசல் திறந்துவிடுவதுதான். தேய்ப்பதை நீளவாக்கில் மட்டுமே தேய்க்க வேண்டும். வைக்கோல் நிறம் தேய்மானத்தைத் தாங்க வேண்டிய பொருளுக்கு உரியது. மீந்த துண்டில் அதே நிறத்தில் ஒரு சுரண்டி செய்தேன். பூட்டின் பித்தளை உடம்பிலிருந்த பச்சைக் களிம்பு முழுவதையும் சுரண்டிய பிறகும் அதன் முனை மழுங்கவில்லை. ஸ்பிரிங்குக்கு நீலம் வர வேண்டும், கிட்டத்தட்ட 300 டிகிரி. வாணலி மணலில் பளபளப்பான துண்டை வைத்தால் வைக்கோல், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். ஊதாவிலிருந்து நீலத்துக்குத் தாவும்போது கண் இமைக்கக் கூடாது.

மூன்றாவது துண்டு உடையவில்லை. ஆனால் லீவர் சோம்பலாக ஏறியது. டெம்பர் கூடிவிட்டது என்று நினைத்து மறுபடி காய்ச்சி, தோய்த்து, நீலம் ஏற்றினேன். அதே சோம்பல். இன்னொரு முறையும் செய்து பார்த்தேன். மூன்று நாள் இதிலேயே போனது. கடைசியில் மைக்ரோமீட்டரை எடுத்தேன்: 0.36 மி.மீ.! ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் கருஞ்செதில் உரிந்தது, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கனத்தைத் தின்றிருக்கிறேன். பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கனம் × கனம் × கனம்) ஏற்ப மாறும். ஐந்தில் ஒரு பங்கு கனம் குறைந்தால் விறைப்பு பாதியாகிவிடும். எஃகின் மீள்மைக் குணகமோ (வளைவை எதிர்க்கும் அதன் இயல்பின் அளவு) இளகிய நிலையிலும் இறுகிய நிலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 200 கிகாபாஸ்கல். எவ்வளவு தூரம் வளைந்தும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதைத்தான் டெம்பர் தீர்மானிக்கிறது. எவ்வளவு பலமாகத் தள்ளும் என்பது கனத்தின் கையில். இதைப் படித்திருந்தேன், கையில் உறைத்தது அன்றைக்குத்தான். போதாததற்கு, திரும்பத் திரும்பக் காய்ச்சியதில் மேல்தோலில் கார்பன் எரிந்துபோய், வழுக்க வேண்டிய அரம் தோலில் மட்டும் கடித்தது.

நான்காவதற்குப் புதுத் துண்டு. செதில் கட்டாமலிருக்க, இரும்புக் குழாயில் கரித்தூளோடு போட்டு, இரு முனையையும் களிமண்ணால் அடைத்து, ஒரே தடவை காய்ச்சினேன். எண்ணெய், லேசான தேய்ப்பு, நீலம். கனம் 0.43. வைஸில் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனையை 5 மி.மீ. வளைத்து இரவு முழுக்க வைத்தேன். காலையில் விட்டதும் கோட்டுக்கு நேராக வந்து நின்றது.

பூட்டு இப்போது பெட்டியில் தொங்குகிறது. இருநூறு தடவை திருப்பிப் பார்த்தாயிற்று, லீவர் 'சடக்' என்று ஏறுகிறது. மற்ற லீவர்களின் ஸ்பிரிங்குகளிலும் அடியில் துரு தெரிகிறது. குழாயில் அடுத்த கரி போட்டு வைத்திருக்கிறேன்.