மாலை 5.29

இயங்குதள ஆய்வு மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கெடுவுக்குத் தனிக் கணக்கு உண்டு. பூமியில் ஏதாவது ஒரு மூலையில் அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருக்கும்வரை கதவு திறந்திருக்கும். கிரீன்விச்சுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் ஓடும் கடிகாரத்தில் நள்ளிரவுக்கு முந்தைய நிமிடம் அது. பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு மறுநாள் மாலை 5.29. முதலில் இதை வரம் என்று நினைத்தேன். ஓர் இரவும் ஒரு பகலும் கூடுதலாகக் கிடைத்தால், நன்றாக இருந்த பத்திகளையும் திருத்திக் கெடுத்துவிடலாம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நானும் என்னைவிட எட்டு வயது இளைய சக ஊழியரும் சேர்ந்து எழுதினோம். யோசனை சிறியது. ராக்ஸ்டிபி போன்ற தரவுக் கிடங்குகள் அவ்வப்போது பழைய கோப்புகளைப் படித்து, ஒன்றாக்கிப் புதிய கோப்பாக எழுதிவிட்டு, பழையவற்றை அழித்துவிடும். அப்படிப் படிக்கும்போது பழைய கோப்பின் பக்கங்கள், இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் படித்த கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடமான பேஜ் கேஷில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னும் சில நொடிகளில் அழியப்போகிற கோப்புக்காக, அடிக்கடி தேவைப்படும் தரவு நினைவகத்திலிருந்து வெளியே தள்ளப்படும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் இலையை மூடிவிட்டு அங்கேயே ஊர்க்கதை பேச, அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நிற்பதைப் போல. எந்தக் கோப்பு அழியப்போகிறது என்பதை, மென்பொருள் வாய்திறந்து சொல்லாமலே கெர்னல் ஊகித்து, அதன் பக்கங்களை முதலில் எழுப்பிவிட்டால் என்ன? இவ்வளவுதான் எங்கள் கட்டுரை.

இவ்வளவையும் இப்படிச் சொல்ல எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. கணினி ஆய்வாளர்கள் ராய் லெவின், டேவிட் ரெடெல் இருவரும், நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று 1983இல் ஒரு குறிப்பு எழுதினார்கள். எஸ்.ஓ.எஸ்.பி. என்ற இயங்குதள ஆய்வு மாநாட்டின் ஒன்பதாவது கூட்டத்துக்கு வந்த 83 கட்டுரைகளில் 16ஐத் தேர்ந்தெடுத்த குழுவின் அனுபவத்திலிருந்து பிறந்தது அது. உங்கள் யோசனை புதியதா, புதியது என்று உங்களுக்கு எப்படித் தெரியும், அதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று அதில் வரிசையாகக் கேள்விகள் வரும். முதல் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றுதான் சொல்வோம். இரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தவரை யாரும் செய்யவில்லை என்பது எவ்வளவு பலவீனமான வாக்கியம் என்று, முப்பது நாற்பது பழைய கட்டுரைகளைப் புரட்டிய பிறகே உறைத்தது. எங்கள் ஊகிக்கும் முறையில் பாதியை வேறொரு பெயரில் வேறு சிலர் செய்திருந்தார்கள். அந்தப் பாதியை அவர்களுக்கே கொடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் எங்களுடையது என்று எழுதினோம். கட்டுரை இளைத்தது.

அடுத்த அடி கெடுவுக்கு ஒன்பது நாள் முன்பு விழுந்தது. முதல் பக்கத்திலேயே பெருமையாக ஒரு வரைபடம் வைத்திருந்தோம்: மாற்றாத கெர்னலைவிட எங்களுடையது நொடிக்கு 19 சதவீதம் அதிக வேலை செய்கிறது என்று. அந்த எண் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டது. ஆனால் பிடித்தமான எண்ணை யார் போய்ச் சந்தேகிப்பார்கள்? இளையவர்தான் இரவு பதினொன்றரைக்கு என் மேஜைக்கு வந்து நின்றார்.

“அண்ணா, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?”

திரையில் இரண்டு கெர்னல்களின் கான்ஃபிக் கோப்புகளையும், அதாவது எந்தெந்த வசதி இயங்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல்களை, பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரே ஒரு வித்தியாசம். ஒரே தரவை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டுகள் சரியான வரிசையில் எடுக்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கும் பிழைதேடும் வசதி, மாற்றாத கெர்னலில் மட்டும் இயங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஏதோ ஒரு முடக்கத்தைத் துப்பறிய நானேதான் அதைப் போட்டு வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன். எதிராளியின் காலில் கல்லைக் கட்டிவிட்டு அவரோடு ஓடி ஜெயித்திருக்கிறோம்.

கல்லை அவிழ்த்து மறுபடி ஓட்டினோம். 19 போய் 7 வந்தது. இரண்டு நாள் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இளையவர் இன்னொரு வரைபடம் போட்டுக் காட்டினார். சராசரியை விட்டுவிட்டு, நூறில் மிகத் தாமதமாகும் அந்த ஒரு கோரிக்கையை மட்டும் பார்த்தால், காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முன்பே கண்ணெதிரில் இருந்த விஷயம். பெரிய எண் ஒன்று முன்னால் நின்றதால் கவனிக்கவில்லை. முன்னுரையை அடியோடு மாற்றி எழுதினோம்.

பெயர் மறைக்கும் வேலை தனி வேடிக்கை. எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியக்கூடாது. சொந்தக் கட்டுரையையே ‘அவர்கள் செய்த ஆய்வு’ என்று மூன்றாம் மனிதர் போல எழுத வேண்டும். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, ஒரு வரைபடக் கோப்பின் உள்விவரத்தில் என் முழுப்பெயர் இருந்தது. 5.12க்கு அதை அழித்தேன். 5.21க்குக் கட்டுரை ஏறியது. தேநீர் குடிக்கப் போனோம், கடை மூடியிருந்தது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நிராகரிப்பு. முதல் மதிப்பாய்வாளர், ராக்ஸ்டிபியிலேயே பேஜ் கேஷைத் தொடாமல் நேரடியாகப் படிக்கும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று கேட்டிருந்தார். அதை எல்லா மென்பொருளும் தருவதில்லை என்று எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் கட்டுரையில் ஒரே வரியாக ஒன்பதாம் பக்கத்தில் ஒளிந்திருந்தது. இரண்டாமவர் யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்றார். அதை இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. எளிமையாகத் தெரியும்படி எழுத நாங்கள் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. மூன்றாமவர் கேட்டதுதான் நியாயமான கேள்வி. நாங்கள் அளந்தது லினக்ஸ் கெர்னலின் 5.15ஆம் பதிப்பில். 2022 டிசம்பரில் வந்த 6.1ஆம் பதிப்பில், பக்கங்களைத் தலைமுறைகளாகப் பிரித்து எதை வெளியேற்றுவது என்று முடிவு செய்யும் புதிய முறை சேர்ந்துவிட்டது. அதோடு ஒப்பிட்டீர்களா?

ஒப்பிடவில்லை. எங்கள் சர்வர்களில் ஓடுவது 5.15 என்பது எங்கள் வசதி. உலகத்துக்கு அதனால் என்ன?

6.1க்கு எங்கள் மாற்றங்களைக் கொண்டுபோக ஆறு வாரம் ஆனது. நொடிக்கு எத்தனை வேலை என்ற கணக்கில் 7 சதவீதம் 2 ஆகச் சுருங்கியது. தாமதக் கணக்கில் ஆதாயத்தில் பாதி மிஞ்சியது.

“இரண்டு சதவீதத்தை எங்கே வைப்பது அண்ணா?”

“தாமதக் கணக்குக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில்.”

இந்த முறை வேறொரு மாநாடு, அதே 5.29. நான்கு மணிக்கெல்லாம் ஏற்றிவிட்டோம். அரை மணி கழித்துத் திரும்பிப் பார்த்தால், இளையவர் இரண்டு கான்ஃபிக் கோப்புகளையும் மறுபடி திறந்து வைத்துக்கொண்டு, வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.